அம்மா இல்லாமல் திரும்பி வந்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுகிறேன். நான் சுகம், அம்மாவும் சுகம்தான், ஆனால் அவள் என் பக்கத்தில் இல்லை. பதறாதே, சண்டை ஒன்றும் இல்லை, முழுக்கப் படி.

கல்யாணமான புதிதில் அம்மாவுக்குத் தொலைநோக்கி பற்றிப் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்ததும், நம் மூக்குக்கண்ணாடிக் கடை அப்போதுதான் திறந்திருந்ததால் அவள் போகாமல் என்னோடு நின்றுவிட்டதும் உனக்குத் தெரியும். அந்த ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இரண்டு பேரும் கிளம்பினோம். போன அன்று ஊரெல்லாம் பனிமூட்டம். பழைய கல் கட்டடம் ஒன்றுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, அந்த மாடி ஜன்னல்தான் என் வகுப்பாக இருந்திருக்கும், அந்தப் படியில்தான் மழைக்கு ஒதுங்கியிருப்பேன் என்று அவள் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த ஜன்னலில் இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் தெரிந்தாள். அம்மா கண் கலங்கினாள், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் காவலாளி வந்து, இது குடிநீர் வாரிய அலுவலகம், கல்லூரி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்றார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற நாங்கள் இரண்டு பேருமே, தூரத்துப் பெயர்ப்பலகை தெரியாத படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். கல்லூரியில் ஒரு ஆசிரியை எங்களை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்த் தொலைநோக்கியைக் காட்டினார். பனி விலகியிருந்தது, பகல் நிலா வெளுத்துப்போய் நின்றது. அம்மா கண்ணை எடுக்கவே இல்லை. பெரியவர்களுக்கும் மூன்று மாதப் படிப்பு ஒன்று இருக்கிறது, இந்த வாரம் தொடங்குகிறது என்றார் ஆசிரியை. நான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவசரப்படுத்தினேன். படி இறங்கும்போது அவள், அன்னைக்கு நான் போயிருந்தா நீங்க காத்திருந்திருப்பீங்களா என்று கேட்டாள். இத்தனை வருஷமும் இதைக் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் பாப்பா. கண்டிப்பா காத்திருந்திருப்பேன் என்றேன். சரி, அப்ப இப்போ காத்திருங்க என்றாள்.

ஆக, தனியாக வந்து சேர்ந்தேன். சமையல் பரவாயில்லை, உப்புதான் கைக்கு வசப்படவில்லை. நேற்று போனில் சனிக் கிரகத்தின் வளையத்தைப் பார்த்தேன் என்றாள், பெண் பார்க்கப் போன அன்று கேட்ட அதே குரல். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அவளைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கெஞ்சாதே, வகுப்பு நேரத்தில் கூப்பிடாதே. குளிரில் காதை மூடிக்கொள். இருவரும் நிறைவாக வாழுங்கள்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்
அப்பா