பதினோராவது பாட்டின் குரல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஏழு பேருக்குக் காது பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க" என்று ஏழு முறை சொன்னேன். ஏழாவது ஆள் கேட்காத சத்தத்துக்கெல்லாம் அமுக்கினார். என் மனம் நோகக் கூடாதென்று நினைத்தார் போலிருக்கிறது.

சாயங்காலம் மிக்ஸ் முடிந்தது. அறுபத்தொரு நிமிடம், பத்தொன்பது பாட்டு, நடுவில் மூச்சுவிட இடமில்லை. எட்டு வருஷமாக ஞாயிறு மத்தியானங்களில் டயர் கிடங்கில் ஆட வருகிறவர்களுக்கு நான் போட்டு வரும் பச்சைத் தாளம் முழுவதும் ஒரே ஆல்பத்தில். அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். வேகமான பீட், அடிவயிற்றில் இடிக்கும் பேஸ், அதன்மேல் ஒருத்தி பச்சை பச்சையாகப் பேசுவாள். வானொலியில் வராது. வந்தால் எனக்கே சங்கடம்.

பதினோராவது பாட்டில் தாளமெல்லாம் நின்று குரல் மட்டும் தனியாக வரும்: "மெதுவா வா, முழுசா வா, பாதியில நின்னா வீட்டுக்குப் போ." இருப்பதிலேயே அடக்கமான வரி இதுதான். மற்றதை இங்கே எழுதக்கூட கை கூசுகிறது. எழுதியவள் நானேதான் என்றாலும்.

குரல் என் தோழியினுடையது. கணீரென்று ஒலிப்பதால் அவளுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். பதினொரு வருஷத்துக்கு முன் என் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும்.

மார்ச் 6, வியாழன்

லேபிள்காரர் மிக்ஸைக் கேட்டுவிட்டார். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, அதற்கு நடுவில் உட்கார்ந்து பல நாடுகளுக்கு இசைத்தட்டு அனுப்புகிற மனிதர். "பதினொண்ணுதான் ஆல்பம். மத்த பதினெட்டும் அதுக்குத் துணைக்கு வந்திருக்கு" என்றார். வெளியிடுகிறாராம்.

எட்டு வருஷத்தில் யாரும் என்னிடம் ஆல்பம் கேட்டதில்லை. பேருந்தில் நின்றபடியே வந்தேன். பின்னால் சீட் இருந்திருக்கிறது, இறங்கும்போதுதான் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வெண்கலத்துக்குச் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

அவள் இப்போது ரயில் நிலையத்தின் குரல். வண்டி வருவதை, தாமதமாவதை, ஆறாவது நடைமேடைக்கு மாற்றியதை எல்லாம் அவள்தான் சொல்கிறாள். "ஊரே என் குரலைக் கேக்குது. அந்த ஸ்டேஷன் பொம்பளதான் இவள்னு ஒருத்தன் கண்டுபிடிச்சா போதும்டி. என் வேலை போயிடும். எடுத்துடு."

"பாதி நேரம் நீயும் 'மெதுவா வரும்'னுதானே சொல்ற" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"யோசிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

என்ன யோசிக்க? அவளும் சிரிச்சுக்கிட்டேதானே பாடினா? நான் கையைப் பிடிச்சு இழுத்தேனா? எல்லாருக்கும் ஒரு வாழ்க்கை அமைஞ்சிடுது, எனக்கு ஒண்ணு வரும்போது மட்டும் —

மார்ச் 10, திங்கள்

யோசிக்கவில்லை. கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, புதன்

லேபிள்காரர் வழி சொன்னார்: "குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிடு. பெத்த தாய்க்கே தெரியாது." ஆக்கினேன். ஆழமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு, நன்றாகவே இருந்தது. வெண்கலத்தைக் கூப்பிட்டு, "மாத்திட்டேன், இனி யாருக்கும் தெரியாது" என்றேன்.

"நீ சொன்னா சரி" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 15, சனி

கீழ் வீட்டில் என் அக்கா. ஓட்டுநர் பள்ளியில் கார் கற்றுக்கொடுக்கிறாள், அதனால் எதற்கும் பதறமாட்டாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தடிமனாக்கிய அந்தக் குரலை, பச்சையான வரி வரும் முன் இரண்டு வார்த்தை மட்டும், போனில் போட்டேன்.

"ஸ்டேஷன் அம்மாதானே? சளி பிடிச்சிருக்கா அவங்களுக்கு?"

தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வார்த்தைக்கு முன் வெண்கலம் ஒரு குட்டி மூச்சு எடுப்பாள். குரலை எவ்வளவு இறக்கினாலும் அது இறங்காது. தினமும் ஊரார் காதுகளை அளக்கிற எனக்கு அது கேட்கவில்லையா? கேட்டது. கேட்காதவள் மாதிரி இருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

பதினொன்றை எடுத்துவிட்டேன். நடுவில் நான்கு நிமிடம் ஓட்டை.

அவளைக் கூப்பிட்டு, அன்று சொன்னது பொய் என்றும் சொன்னேன். "தெரியும்" என்றாள். "பொய் சொன்னா உன் குரல் மேல போகும். எனக்கும் காது இருக்குடி."



மார்ச் 21, வெள்ளி

வேறு இரண்டு பெண்களைப் பாடவைத்துப் பார்த்தேன். ஒருத்திக்கு இரண்டாவது வரியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. இன்னொருத்தி தாலாட்டு மாதிரி பாடுகிறாள். கேட்டால் தூக்கம்தான் வரும்.

"உனக்கே தெரியுமே, நீயே பாடேன்" என்று போகிறபோக்கில் சொன்னாள், அந்தத் தாலாட்டுக்காரி.

நானா?

எட்டு வருஷமாக என் ஆசையை இன்னொருத்தி வாயில் வைத்து ஊரை ஆடவைத்திருக்கிறேன். அவள் குரல் வெளியில், நான் மேடைக்குப் பின்னால் பட்டன் அமுக்கிக்கொண்டு. அவளைப் பயந்தாங்கொள்ளி என்று வேறு மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 29, சனி

பகல் பதினொரு மணி. அலமாரிக்குள் தலை. அறைக் கதவைச் சாத்தியிருந்தேன், தாழ் போடவில்லை. பன்னிரண்டாவது முறை பாடும்போது, இருப்பதிலேயே மோசமான அந்த வரியின் நடுவில், முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது.

அக்கா. கையில் மடித்த துணி.

நான் புடவைக்குள்ளேயே இருந்துவிட்டேன். வெளியே வந்தால் முகத்தைப் பார்க்கவேண்டும்.

துணியைக் கட்டிலில் வைக்கும் சத்தம். பிறகு, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அதே குரலில்: "பயந்துக்கிட்டே ஓட்டினா வண்டி திணறும். கடைசி வார்த்தைய முழுங்குற. சொல்றதா இருந்தா சொல்லு."

போய்விட்டாள். பதிமூன்றாவது முறையைத்தான் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2, புதன்

லேபிள்காரர்: "கணக்கு டீச்சர் அதட்டுற மாதிரி இருக்கு. பழைய குரலோட குடுத்தா போடறேன். இல்லேன்னா வேண்டாம்."

வேண்டாம் என்றேன்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான். பிற்பகல் நான்கு பேருக்குப் பரிசோதனை இருந்தது, செய்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மிக்ஸை நானே இணையத்தில் ஏற்றிவிட்டேன். அட்டைப்படம் அக்கா எடுத்தது: திறந்த அலமாரி, புடவைகள், கீழே என் கால்கள் மட்டும். முதல் நாள் அது ஓடியது ஒன்பது தடவை. அதில் மூன்று தடவை நான்.

மே 2, வெள்ளி

வெண்கலத்திடமிருந்து ஒரு வரிச் செய்தி. "கேட்டேன். தைரியந்தான் உனக்கு."

மே 18, ஞாயிறு

மத்தியானம் கிடங்கு. தகரக் கூரை கொதித்தது. மிக்ஸை முதலிலிருந்து முடிவு வரை அப்படியே போட்டேன்.

பதினொன்று வந்தது. தாளம் நின்றது. என் குரல், அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில். முன்னால் ஆடியவர்கள் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது மடல்வரை சூடு. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

அப்போது, நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா, கைப்பையைத் தோளில் மாட்டியபடியே, "பாதியில நின்னா வீட்டுக்குப் போ" என்று கூடவே கத்தினார். அப்படியொரு அனுபவம் பேசியது அதில். அடுத்த சுற்றில் பத்துப் பேர். அதற்கடுத்து கூரை அதிர்ந்தது.

வலப்பக்க ஸ்பீக்கர் ஓரம் வெண்கலம். கணவரையும் கூட்டி வந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழுக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும்தான் பாடிக்கொண்டிருந்தார்களே.

முடிந்ததும் வந்தாள். வியர்வையில் நனைந்திருந்தாள். "ரெண்டாவது 'வா'வ இன்னும் இழுக்கணும்டி. அவசரப்படுற."

"எப்படி?"

சுற்றிலும் பார்த்தாள். அவள் கணவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இழுத்துக் காட்டினாள்.