வலிக்கிற பிழை முதலில்

இன்று மாலை ஏரிப் பக்கமிருந்து ஈரமண் வாசனை வந்தது. சித்திரை மாதத்துக் காலபைசாகி, இடியும் மழையுமாய் வரும் இந்த ஊர்க் கோடைப்புயல், நகருக்குள் நுழையுமுன் தன் வாசனையை முன்னால் அனுப்பிவைக்கும், உனக்குத் தெரியாததா. ஜன்னலைச் சாத்த எழுந்தவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

அப்போது நீ இதே நகரில், பவானிபூரில் இருந்தாய். வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். கல்லூரி நாட்களிலேயே உனக்குப் பார்வை போயிருந்தது. மதுரையிலிருந்து உன் தங்கை தமிழில் மின்னஞ்சல் அனுப்புவாள். யாராவது உனக்குப் படித்துக்காட்ட வேண்டும். ஒருநாள் நான் படித்து முடித்ததும் சொன்னாய்: "அவ எனக்கு எழுதுறா, ஊரே கேக்குது. என் லெட்டரை நானே படிக்கணும்டி."

அப்படித் தொடங்கியதுதான், தமிழை வாய்விட்டுப் படிக்கும் அந்தக் கணினி நிரல். லேக் கார்டன்ஸில் என் வீட்டு மாடியறையில் நான் ஒருத்தியே எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக என் குரலைப் பதிந்து, அவற்றைக் கணினி சொற்களாகக் கோத்துச் சொல்லும்படி செய்தேன். சனிக்கிழமை மதியங்களில் நீ மெட்ரோ ஏறி வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு குறை கண்டுபிடிப்பாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோயின் பெயர். சொல் நடுவில் வெட்டினால் விக்கல். 'ங' வரும் இடமெல்லாம் மூக்கடைப்பு. நான் அவற்றை வண்ணத் தாளில் எழுதி ஜன்னலோரச் சுவரில் ஒட்டுவேன், சரிசெய்து முடித்ததைக் கிழித்தெறிவேன். மின்விசிறிக் காற்றில் சுவர் முழுக்க இறகடிக்கும். சுவரே ஒருநாள் பறந்துவிடும் என்று தோன்றும்.

பறந்தும்விட்டது. வானம் திடீரென்று இருண்ட ஒரு பிற்பகல், காற்று ஜன்னலைத் தள்ளித் திறந்து தாள்களை அள்ளிக்கொண்டு போனது. மஞ்சளும் நீலமுமாய் அவை மரங்களுக்கு மேலே சுழல்வதைப் பார்த்துக் கத்தினேன். கீழ்வீட்டு வங்காளச் சித்தி, காக்கிமா, "கீ ஹோலோ?", என்ன ஆச்சு, என்று பதறிக் குரல் கொடுத்தார்.

"போச்சுடி. இத்தனை மாசம் பார்த்ததெல்லாம் போச்சு."

நீ சாரலுக்கு முகத்தைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாய். "எதுவும் போகல. எழுதிக்கோ. முதல்ல கேள்விக்குறி. உன் மெஷின் 'வருவியா'ன்னு கேக்கவே மாட்டேங்குது, தந்தி மாதிரி சொல்லுது. என் தங்கச்சி லெட்டர்ல பாதி கேள்விதான்."

"அது ரொம்பக் கஷ்டம். விக்கலை முதல்ல முடிச்சிடறேனே?"

"விக்கல் இருந்துட்டுப் போகட்டும். நமக்கெல்லாம் வர்றதில்லையா?"

இன்னும் சிலவற்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டாய். "மீதி?" என்றேன்.

"ஞாபகம் வரல. அப்ப அது எனக்கு வலிக்கலன்னு அர்த்தம்."

சுவர் நிறைய இருந்தவை ஒரே தாளில் அடங்கின. அந்த மழைக்காலம் முழுவதும் கேள்விக்குறியோடு மல்லாடினேன். வாக்கியத்தின் கடைசியில் என் குரலை ஏற்றி ஏற்றிப் பதிந்தேன். பூஜை விடுமுறை முடிந்த ஒரு சனிக்கிழமை, கணினி முதன்முறையாக "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டது. உன் கை சட்டென்று மேசையைப் பற்றிக்கொண்டது.

தங்கையின் புதிய கடிதம் அன்று வந்திருந்தது. "கொஞ்சம் வெளிய போய் நில்லேன்" என்றாய். பால்கனியில் நின்றேன். லோக்கல் ரயில் ஒன்று தூரத்தில் கடந்தது. வெயில் தேன் நிறத்தில் கிடந்தது. உள்ளே நீ சிரித்தாய். கதவைத் தடவித் திறந்து வந்தபோது உன் கன்னம் நனைந்திருந்தது.

"என்னடி எழுதியிருக்கா?"

"சொல்ல மாட்டேன்" என்றாய். உன் குரலில் அத்தனை சந்தோஷத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

நீ இந்த உலகை விட்டே போய்விட்டாய். நான் இன்னும் தனியாகத்தான் நிரல் எழுதுகிறேன். பிழைகளின் பட்டியல் இப்போது திரைக்குள் இருக்கிறது. எந்தக் காற்றும் அதைத் தொடாது. அது நீண்டுகொண்டே போகும் நாட்களில் திரையை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறேன். யாருக்கு எங்கே வலிக்கும் என்று யோசிக்கிறேன். முதலில் நினைவுக்கு வருவதை மறுநாள் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேலை முடிந்ததா என்பதைப் பட்டியலைப் பார்த்து நான் முடிவு செய்வதில்லை. யாருக்காகச் செய்தேனோ அவர், அன்று நீ சொன்னதுபோல், என்னை வெளியே போய் நிற்கச் சொல்ல வேண்டும்.