லெய்வியாவின் தென்னை

லுகன்வில், சாந்தோ தீவு
மார்ச் 4

அக்கா லெய்மாஸ்,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய்; அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மட்டையெல்லாம் கத்தரியால் வெட்டினது போல முக்கோணம் முக்கோணமாக இருக்கிறதே, அது காண்டாமிருக வண்டுதான். நடுக்குருத்து சாய்ந்துவிட்டது. அந்த மரம் இனிப் பிழைக்காது. வெட்டு. தண்டைத் துண்டு போட்டு எரி. விட்டுவைத்தால் உளுத்துப்போய் உள்ளே நூறு புழு வளரும். அப்புறம் உன் மற்றத் தென்னைகளும் பக்கத்து வீட்டுத் தென்னைகளும் போகும். சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும் குப்பைக் குவியலையும் கிளறு. கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, வளைந்து கிடக்கும். நசுக்கு. அருவருப்புப் பார்க்காதே.

அது யார் மரம் என்று எனக்குத் தெரியும். வண்டுக்குத் தெரியாது.

கல்மெட்


எஃபாட்டே தீவு, வீட்டிலிருந்து
மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

கடிதமா எழுதினாய்? ஒரு பக்கத்துக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். பரவாயில்லை, உன் கையெழுத்தையாவது பார்த்தேன்.

குப்பையைக் கிளறினோம். அறுபத்திரண்டு புழு. உன் அத்தான் தினமும் கொக்கிக் கம்பியோடு மரம் ஏறி, துளைக்குள் விட்டு வண்டைக் குத்தி இழுக்கிறார். பக்கத்து வீட்டு எலிசா கீழே நின்று, "என்ன அண்ணே, தென்னைக்குக் காது குடையறீங்களா?" என்றாள். இவரும் விடவில்லை. "இரு, எறங்கி வந்து உனக்கும் குடைஞ்சு விடறேன். உன் புருஷன் சொல்றது அப்பவாவது கேக்குதா பாப்போம்." மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

வெட்டச் சொல்கிறாய். என் லெய்வியா பிறந்தபோது தொப்புள்கொடியைப் புதைத்து, அதன்மேல் நட்ட மரம் அது. அப்படி உனக்கு நட்ட மரமும் இங்கே நிற்கிறது, எனக்கு நட்டதும் நிற்கிறது. பிள்ளை போன பிறகும் அவள் மரம் வளர்ந்தது. போன வருஷம் காய்த்தது. ஐந்து வயசில் போனவளுக்கு இப்போது எட்டு வயசு என்று அதைப் பார்த்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். விழுந்த காய் ஒன்று முளைவிட்டிருக்கிறது. காய்க்குள்ளேயும் புழு இருக்குமா?

அக்கா லெய்மாஸ்


லுகன்வில்
ஏப்ரல் 2

அக்கா,

இருக்காது. குப்பை, எரு, உளுத்த கட்டை, இப்படி மக்குகிற பொருளில்தான் புழு வாழும். காயில் வாழாது. போதுமா?

இங்கே வாரத்துக்கு மூன்று கப்பல் வருகிறது. ஒவ்வொரு மூட்டையையும் நான்தான் பிரித்துப் பார்க்கிறேன். இந்தத் தீவில் இன்னும் ஒரு வண்டுகூட இல்லை. இல்லாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீயோ மரத்தை நிற்கவிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாய். வெட்டிவிட்டு எழுது.

கல்மெட்


எஃபாட்டே
ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

வெட்டியாயிற்று. அத்தானுக்குக் கை வரவில்லை. எலிசாவின் புருஷன்தான் வெட்டினார். இரண்டு நாள் எரித்தோம்.

இந்தக் கடிதத்தைக் கூடையின் மேலேயே வைக்கிறேன். உள்ளே இருப்பது அவள் மரத்து முளை. காயில் புழு இருக்காது என்று நீயே எழுதினாய். உங்கள் தீவில் வண்டு இல்லை என்றும் எழுதினாய். உன் குடியிருப்புக்குப் பின்னால் நடு. வழியில் வேர் காயாமல் இருக்க, நம் வழக்கப்படி ஈர எரு வைத்துச் சுற்றியிருக்கிறேன்.

அவள் வளர்வதை நீ பார்த்து எனக்கு எழுது. ஒருநாள் நானும் வந்து பார்ப்பேன்.

லெய்மாஸ்


லுகன்வில்
மே 3

அக்கா,

கூடை வந்தது.

"சார், உங்க பேருக்கே சாமான் வந்திருக்கு! இதையாவது பிரிக்காம விடுவீங்களா?" என்று கப்பல்காரன் கத்தினான். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். நான் முதலில் உன் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் பிரித்தேன். எருவில் இரண்டு புழு.

எஃபாட்டேயிலிருந்து கன்றே வரக்கூடாது என்பதுதான் சட்டம். நான் அதை உனக்கு எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதினேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்கவில்லை. கழுவி எடுத்து வைத்திருக்கலாமே என்று நினைப்பாய். வேறு யாருக்கும் நான் அப்படி விட்டதில்லை. அப்போதே கூடையோடு எரியுலையில் போட்டேன். பதிவேட்டில் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

நாளைக்கு இன்னொரு கூடை வந்தாலும் அதையேதான் செய்வேன். இதை எப்படி நல்லவிதமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. போனை எடு.

கல்மெட்


எஃபாட்டே
மே 21

தம்பிக்கு,

நீ செய்தது சரி. அத்தானும் அப்படித்தான் சொன்னார். அறுபத்திரண்டு புழுவை நசுக்கின கைதான் அந்த எருவையும் அள்ளி வைத்தது. எனக்கே தோன்றாமல் போயிற்று.

இனி எனக்குப் பூச்சிகளைப் பற்றி எழுதாதே. போனும் பண்ணாதே, பேச வரும்போது நானே பேசுகிறேன். இதற்கு மட்டும் பதில் போடு. நான் கட்டும்போது முளையில் இரண்டு இலை. கப்பலில் ஆறு நாள் இருந்திருக்கிறது. நீ பிரித்தபோது எத்தனை?

லெய்மாஸ்


லுகன்வில்
ஜூன் 2

அக்கா,

மூன்று. மூன்றாவது இன்னும் விரியவில்லை.

கல்மெட்