பெயிண்ட் படாத இடம்

இன்று காலை கறுப்பு பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தேன். குப்பென்று வாசம் வந்ததும் நீங்களும் கூடவே வந்து நின்றுவிட்டீர்கள். நாளைக்கு ஆயுத பூஜை. நம் பிக்கப் வண்டி வாசலில்தான் நிற்கிறது. விற்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மற்றவர்கள் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பார்கள். என் வீட்டுக்காரரான உங்களுக்கு அது போதாது. பீர்க்கன்கரணை ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்த வருஷம் வண்டியின் அடியில் துரு பிடித்தது. அதிலிருந்து அடிச்சட்டமான சேஸுக்குக் கறுப்பு அடிக்காமல் உங்களுக்குப் பூஜை கிடையாது. போன வருஷம் அதிலும் ஒரு படி மேலே போனீர்கள். இன்ஜினிலிருந்து சேஸுக்கு வரும் எர்த் ஒயரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்திலும் ரெண்டு கை பூசி, காய்ந்த பிறகு போல்ட்டை முடுக்கினீர்கள். "இந்த ஒரு எடத்த வுட்டா அங்கேர்ந்துதான் துரு புடிக்கும்" என்று எனக்குப் பாடம் வேறு. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஹெட்லைட் மங்கியது. பாட்டரி இறங்கியது. சாவியைத் திருகினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். கிளட்ச் கல்லாக இறுகியது. வாரண்டியோ முடிந்து வெகு காலம். நீங்கள் பாட்டரியை மாற்றினீர்கள், ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்த்தீர்கள். "ஒண்ணொண்ணா பாத்தா எல்லாம் சரியாப்பூடும்" என்றீர்கள். தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான். பாதி வேலையில் விட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்?

காரியம் முடிந்த கையோடு உங்கள் தம்பி வந்தார்.

"பேஜாரு புட்ச்ச வண்டி, அண்ணி. ஞாயித்துக்கெழம ஆளக் கூட்டினு வர்றேன், குட்த்துடலாம். நீங்க எங்க இத்த ஓட்டப் போறீங்க?"

"உங்க அண்ணன்தான் ஏரிக்கரையில ஓட்டக் கத்துக்குடுத்தாரு. ஓட்டுவேன்" என்றேன்.

வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது. வண்டி கிளம்ப வேண்டுமே! சர்வீஸ் சென்டரில் விசாரித்தால் ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும், கிளட்ச் தனி, ஸ்டார்ட்டர் தனி என்றார்கள். வண்டி போனால் நம் பாத்திர வாடகைக் கடையும் போகும். அண்டாவையும் குண்டானையும் மண்டபத்துக்குத் தலையிலா சுமப்பேன்?

சனிக்கிழமை காலை பாட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். திருகினேன். டிக். மறுபடியும் திருகினேன். ஒவ்வொரு டிக்குக்கும் கிளட்ச் இன்னும் கொஞ்சம் இறுகியது. இது இரண்டும் தனித்தனிக் கோளாறு இல்லையோ என்று அப்போதுதான் தோன்றியது. பானெட்டைத் திறந்து கிளட்ச் ஒயரைத் தொட்டேன். அடுப்பிலிருந்து அண்டா இறக்கிப் பழகிய கை, அதுவே சுரீரென்று பின்வாங்கியது. வெறுமனே இழுக்கிற ஒயர் ஏன் சுட வேண்டும்? பம்மலில் நீங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"கிளட்ச் ஒயரா சுடுது? அதுல ஏதுக்கா கரண்டு... இரு இரு, எர்த்து! நான் வந்துகினே கீறேன்."

வந்தவர் எர்த் போல்ட்டைக் கழற்றினார். அடியில் நீங்கள் பூசிய கறுப்பு, பளபளவென்று.

"இரும்பும் இரும்பும் தொட்டாதான் கரண்டு திரும்பிப் போவும். பெயிண்ட்ட பூசி வழிய அடைச்சா இன்னா பண்ணும்? கிளட்ச் ஒயர் வழியா பூந்துகினு போயிருக்கு. அதுவும் வெந்துபோச்சு."

உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்தார். புது கிளட்ச் ஒயர் மாட்டினார். சாவியைத் திருகினேன். ஒரே திருகு! சிரித்தேன். அப்புறம் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து, நீங்கள் போன அன்றுகூட அழாத அழுகையை அழுதேன்.

மறுநாள் உங்கள் தம்பி ஆளோடு தெருமுனையில் வந்து இறங்கும்போது, மாடம்பாக்கத்துக் கிரகப்பிரவேசத்துக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு நான் எதிரே வந்தேன். பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டேன், ஹாரனையும் அழுத்தினேன்.

"சாயந்தரம் வாங்க, டீ போட்டுத் தர்றேன்" என்றேன். நிறுத்தவில்லை.

இன்று சேஸ் முழுக்க நான்தான் அடித்தேன். மனசு கேட்காமல் உங்கள் தம்பி குனிந்து பார்த்தார்.

"போல்ட்டாண்ட வுட்டுட்டீங்களே அண்ணி, துரு புடிக்குமே!"

"புடிக்கட்டும். தேய்ச்சுக்கிறேன்."

நீங்கள் இருந்திருந்தால் இதற்கு ஒரு சண்டை போட்டிருப்பீர்கள். போடுங்கள். மற்ற இடமெல்லாம் உங்கள் இஷ்டப்படி ரெண்டு கை கறுப்பு. அந்த ஓரிடம் மட்டும் வெறும் இரும்பு. நாளைக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றப் போவதும் நான்தான்.