கீபோர்டு உங்களுக்கு, மவுஸ் எனக்கு

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நான்கு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவருக்குக் குழாயை மட்டும் காட்டுங்கள், கம்ப்யூட்டரை அல்ல. நேற்று கேஸ்காரர் பாவம், சிலிண்டரைத் தோளில் வைத்தபடியே உங்கள் சொற்பொழிவைக் கேட்டார்.

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் போலவே தெரிகிற அந்தப் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தனியாக உட்கார்ந்து இன்ஸ்டால் செய்துவிட்டு, "பாத்தியா, அப்படியே நம்ம காலம்!" என்று திறப்பு விழா நடத்தினீர்கள். "இதுக்கா மூணு நாள்?" என்று நான் கேட்டதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

சாம்பல் நிறத் திரை, காத்திருக்கச் சொல்லும் மணல்கடிகாரம் எல்லாம் சரிதான். ஆனால் நாம் படித்த பயிற்சி வகுப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கீபோர்டு உங்களுக்கு, மவுஸ் எனக்கு. மணல்கடிகாரம் போகும்வரை பேச ஒன்றும் கிடைக்காமல், "உங்க வீடு எங்க இருக்கு?" என்று ஒரே நாளில் நான்கு முறை கேட்டீர்கள். நானும் நான்கு முறை சொன்னேன்.

சாவி செருப்பு அலமாரிக்கு மேல். ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: போட்டதை அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி இன்ஸ்டால் பண்ண முடியுமா? முடியுமென்றால் நான் வரும்வரை தொடாதீர்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வையுங்கள்.