வாய்க்காலோரத் தோட்டத்தில் அடித்த தடி

அன்பு மகள் பிரபாலினிக்கு,

அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, கனடாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் வாய்க்கால், அதோடு ஜெர்மனி முடிந்து அங்கால் நெதர்லாந்து, நீ சின்னதில் தாண்டித் தாண்டி விளையாடின இடம்தானே. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் புல்வெளியையும் எங்கள் வரிசைத் தோட்டங்களையும் எடுத்து, எல்லையில் லொறிகளை மறித்துச் சோதிக்கும் இடமாக்கப் போவதாகக் கதை வந்தது. போன மாதம் அளக்க வந்தவர்கள் கத்தரிப் பாத்திக்கு நடுவில் சிவப்புத் தலைத் தடி ஒன்றை அடித்தார்கள். அப்பா அதைப் பிடுங்கி வாய்க்காலுக்குள் எறிந்துவிட்டார். அவர்கள் பொலிசைக் கூப்பிட்டார்கள்.

வந்த இருவரில் ஒருத்தி எங்கள் தமிழ்ப் பிள்ளை, சந்திரசேகரன் அண்ணையின் மகள் லக்சிகா. அவள் கிட்ட வந்து மெதுவாகத் தமிழில், "மாமா, அதை எடுத்துக் குடுத்திடுங்கோ. நான் வழக்கு எழுதத் தொடங்கினா பிறகு நிப்பாட்ட ஏலாது" என்றாள். அப்பா அவளையே பார்த்து, "பிள்ளை, ஊரிலை எங்கடை காணிக்குள்ளையும் ஆமிக்காரர் முதல்லை தடிதான் நட்டவை. பிறகு எங்களை உள்ளுக்கு விடேல்லை" என்றார். கூட வந்த ஜெர்மன்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்க, எடுத்துத் தாறன் என்கிறார் என்று அவள் முகம் மாறாமல் சொன்னாள். அப்பாவுக்கு அவளைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லையாக்கும், சப்பாத்தோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். தடியை எடுத்துக் கொடுத்தார், அவர்களும் வழக்கு எழுதவில்லை.

நேற்று இந்த விஷயமாக நகரசபையில் கூட்டம். அப்பா பேச எழும்பினார், குரல் வரவில்லை. இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருங்கோ என்று அவரை அடக்கினவள் நான். நேற்று நானே எழும்பி, ஊரில் பாதுகாப்புக்கென்று எடுத்த காணிக்குள் எங்கள் வீடும் போனதை, கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் முதலில் சொன்னார்கள் என்பதை, தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கடைசியில் புல்வெளியை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். எங்கள் வரிசை மட்டும் போகிறது, அறுவடையோடு விட வேண்டும். அப்பா வீட்டுக்கு வரும் வரைக்கும் என் கையை விடவில்லை.

மகள், வேலை வேலை என்று உடம்பைக் கெடுக்காதே. அம்மன் உனக்குத் துணையிருப்பாள். ஆவணியில் நீ ஆம்ஸ்டர்டாமில் இறங்கி எங்களிடம் வரும்போது எல்லையில் பொலிஸ்காரர் ரயிலுக்குள் ஏறிப் பார்க்கிறார்கள், பாஸ்போட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திரு. கேட்டால் காட்டு, எதிர்த்துப் பேசாதே. நீ அப்பாவின் மகள், அதுதான் எனக்குப் பயம்.

உன் அம்மா,
கமலநாயகி யோகலிங்கம்