பால் பல்லுக்கு அடியில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவும் நானும் நலம். நீயும் அந்த மலைச்சரிவில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான்கு முறை ஃபோன் செய்தேன், நான்கு முறையும் துண்டித்தாய். அதனால்தான் கடிதம்.

போகும்போது என் கிளினிக் அலமாரியில் பத்திரமாக வைக்கச் சொன்னாயே, பஞ்சில் பொதிந்த, கல்லாகிப்போன தாடைத் துண்டு, அதை உன்னைக் கேட்காமல் எக்ஸ்ரே எடுத்தது தப்புதான். ஆனால் மூன்று வருடமாக அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே பல்லைப் பதினான்கு படம் வரைந்த உனக்கு, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லையே, அதை எங்கே போய்ச் சொல்ல?

அடியில் இன்னொரு பல் இருக்கிறது. உயரமான பல், முளைக்கக் காத்திருக்கிறது. மேலே இருப்பது பால் பல். அடிப்பல்லின் மடிப்புகள், அதே மலையில் கிடைத்த பெரிய குதிரையின் பல் மடிப்புகளேதான். நீ கொடுத்த படங்களை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். புல் தின்ற பெரிய குதிரைக்குப் பக்கத்திலேயே இலை தின்ற குள்ளக் குதிரை ஒன்று தனி இனமாக வாழ்ந்தது, குட்டையான பல்லே சாட்சி என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். குள்ளமும் இல்லை, தனி இனமும் இல்லை. அது பெரிய குதிரையின் குட்டி.

நான் சொன்னால் உனக்கு ஏறாது. “சொத்தைப் பல் பிடுங்குறவருக்கு அம்பது லட்சம் வருஷத்துக் கதை எதுக்கு மாமா?” என்று கேட்டவன்தானே! சரி, என்னை விடு. என் நர்ஸ் அந்த ஃபிலிமை ஓர் ஏழு வயதுப் பையனின் ஃபிலிமுக்குப் பக்கத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மிருகமோ தெரியாது டாக்டர், ஆனா குழந்தை. பல்லு மாறப்போற குழந்தை” என்றார். அவர் ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் படித்ததில்லை. தினம் முப்பது வாய் பார்க்கிறார், அவ்வளவுதான்.

உன் கட்டுரை வரும் இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குப் பிறகு வேறு யாராவது கண்டுபிடித்தால், இருபது வருடம் பாறை உடைத்ததெல்லாம் போய், பால் பல்லுக்குப் பெயர் வைத்தவன் என்றுதான் உன்னைச் சொல்வார்கள். நீயே இப்போது திரும்பப் பெற்றால் ஒரு வாரப் பேச்சோடு முடியும். அதோடு, இலை தின்ற முன்னோரின் குட்டைப் பல் சாயல் குட்டியின் வாயில் மிச்சமிருக்கிறது, அதற்கு அடியிலேயே புல் தின்கிற உயரமான பல் வருகிறது. இரண்டும் ஒரே தாடையில். இது கட்டுரை இல்லையா? இதையும் நானே எழுத வேண்டுமா?

உன் தயக்கம் தெரியாமல் இல்லை. அந்த இனத்துக்கு அக்காவின் பெயரை வைத்துவிட்டாய். அவளும் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டாள், மாடி வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை. அவள் முகத்துக்குப் பயந்து நீ மலையில் ஒளிந்துகொண்டாய், நான் கிளினிக்கில்.

நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெயர் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “குட்டியா? ஐயோ, சாகும்போது எத்தனை வயசு இருக்குங்க?” என்றாள். இரண்டரை இருக்கலாம் என்றேன். “உங்களுக்கு என்ன தெரியும்? அவன்கிட்ட கேளுங்க” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஃபிலிமின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். கூரியரில் புதன்கிழமை கிடைக்கும். அன்றே இதழாசிரியருக்கு இரண்டு வரி அனுப்பு. பிறகு அந்தக் குட்டிக்கு என்ன வயது என்று அக்காவுக்கு எழுது. இந்தக் கடிதம் இன்னும் போகவே இல்லை, அதற்குள் இன்று தபால்காரர் தெருவில் திரும்பியதும் வாசலுக்குப் போய் நின்றுவிட்டாள்.

நீ நல்லா இருக்கணும்,
மாமா